உக்கிராணக்காரன் வாங்கிய பலாப்பழம்

பொறாமை பாவம் என்று எனக்குத் தெரியும். ஆனால் பக்கத்து வீட்டு ஏசடியான் டிரான்சிஸ்டர் வாங்கியது அதைவிடப் பெரிய பாவம். கிணற்றடிக்குக்கூட அதைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் போவான். அது பாடும். என் வயிறு எரியும்.

அந்த ஞாயிறு எங்கள் போதகர் சிக்கனத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். காசு கர்த்தருடையது, நாம் அதைப் பார்த்துக்கொள்ளும் வெறும் உக்கிராணக்காரர்கள் என்றார். எனக்கு வழி பிறந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சுகிர்தத்திடம் அறிவித்தேன்.

“இன்னியிலேருந்து இந்த வூட்டுக்கு நான்தான் உக்கிராணக்காரன்.”

“உக்கிராணத்துச் சாவி என் இடுப்புல இல்ல இருக்கு?”

“அது சாமான் ரூம்பு. இது சத்தியம். ரெண்டு வேளை காப்பி ஜாஸ்தி, ஒரு வேளை போதும். சிதம்பரத்துல சேலை எடுக்கறதும் கெடையாது.”

“மிச்சம் புடிக்கற காசு?”

“தர்மத்துக்கு. வலது கை குடுக்கறது இடது கைக்குத் தெரியக் கூடாது. கேக்காத.”

அவள் கேட்கவில்லை. மிச்சத்தையெல்லாம் உக்கிராண அறையின் மூலையில் கிடந்த பழைய கம்புப் பானையில் போட்டுவந்தேன். சரக்கு சரிபார்க்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போவேன். சிதம்பரத்துக் கடையில் டிரான்சிஸ்டருக்குச் சொல்லியும் வைத்தாயிற்று. ஏசடியானுடையதைவிட ஒரு சாண் பெரியது!

அப்போதுதான் அறுப்பின் பண்டிகை வந்தது. அண்ணாகிராமத்திலிருந்து மாமியார் அனுப்பிய பலாப்பழத்தைக் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்தோம். ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவார்கள். வலது பக்கம் ஆண்கள், இடது பக்கம் பெண்கள். ஏலம் விடும் கோயில் ஊழியர், கோயில்பிள்ளை, எங்கள் பழத்தைத் தூக்கிக் காட்டினார்.

ஏசடியான் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

“என்ன மச்சான், உங்க வூட்டுப் பழம். ஒரு ரூவாயாவது கேளுங்க.”

“அஞ்சு ரூவா!” என்றேன், ரோஷத்தில்.

“இடது பக்கம் பத்து!” என்றார் கோயில்பிள்ளை.

எட்டிப் பார்த்தேன். தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு வளையல் கை மட்டும் தெரிந்தது. ஏசடியான் பெண்சாதி ராஜாமணி! புருஷன் சிரிக்கிறான், இவள் பழத்தைத் தட்டிக்கொண்டு போகிறாளா?

“இருவது!”

வளையல் கை உயர்ந்தது. “முப்பது!”

என் கண்ணுக்குப் பழம் தெரியவில்லை, டிரான்சிஸ்டர் தெரியவில்லை. அந்தக் கை மட்டும்தான் தெரிந்தது. கடைசியில் “தொண்ணூறு!” என்று கத்தினேன். கை இறங்கிவிட்டது. சபையே கை தட்டியது. போதகர் என் தாராளத்துக்காக ஜெபமே செய்துவிட்டார்.

பழத்தைத் தோளில் சுமந்து வந்தேன். முள் குத்தியது. பானையைக் கவிழ்த்து எண்ணினேன். சரியாகத் தொண்ணூறு. போய்க் கட்டிவிட்டு வந்து வாட்டத்தோடு உட்கார்ந்தேன். சுகிர்தம் எதிரில் உட்கார்ந்து சுளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“அந்த ராஜாமணிக்கு என்னா திமிரு பாத்தியா?”

“ராஜாமணியக்காவா? அவுங்க தங்கச்சி வூட்டுக்குப் போயி நாலு நாளாச்சே.”

“அப்ப தூணுக்குப் பின்னால யாரு?”

“நான்தாங்க.”

“அடிப்பாவி! அப்புறம் ஏன் தொண்ணூறோட நிறுத்திட்ட?”

ஒரு சுளையை என் வாயில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

“கம்புப் பானையில அவ்ளோதானே இருந்துச்சு!”