நீச்சல் குளத்துக் கொடுவா

"பொய்யே சொல்ல வேணாம் மச்சான். சும்மா கேட்டா போதும்" என்றான் ட்ரெவர்.

நெவில் பர்டெல் பொரித்த மீன் துண்டைக் கையில் பிடித்தபடியே மைத்துனனைப் பார்த்தார். வரிண்டா நகரக் கவுன்சிலில் காலியாயிருந்த ஓர் இடத்துக்கு அவரும் கொலீன் ட்ராஸ்க் அம்மையாரும் போட்டியிட்டனர். கொலீன் ரொட்டிக்கடை நடத்துபவர். விடிந்ததும் ஊரார் முதலில் காண்பது அவருடைய சிரித்த முகத்தை. நெவில் பம்பு பழுதுபார்ப்பவர். பம்பு கெட்டால்தான் அவருடைய நினைவு ஊராருக்கு வரும். அதுவும் எரிச்சலோடு வரும்.

அவருக்குப் பதவி ஆசை கிடையாது. ஆசையெல்லாம் ஊர் நீச்சல் குளத்தின்மேல்தான். குளத்தின் அடித்தளம் ஒழுகத் தொடங்கியிருந்தது. செலவு கட்டுபடியாகாது, மூடிவிடலாம் என்று கவுன்சிலில் பேச்சு எழுந்தது. விடியற்காலையில் அந்தக் குளத்தில் நீந்தி எழுந்தால்தான் நெவிலுக்குப் பொழுது விடிந்ததாகக் கணக்கு. ஆகவே, எப்பாடு பட்டாவது உள்ளே நுழைந்து அதைக் காப்பாற்றிவிடத் துணிந்தார்.

ட்ரெவருக்குப் பிரிஸ்பேனில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை. அத்தானை ஜெயிக்க வைக்காமல் திரும்புவதில்லை என்று அக்காளிடம் வாக்களித்துவிட்டு வந்து இறங்கியிருந்தான்.

"குளத்த மூடப்போறாங்கன்னு சொன்னா ஒருத்தனும் திரும்பிப் பாக்கமாட்டான். பாதி ஊரு தண்ணியில காலே வைக்கிறதில்ல. ஆனா, 'கொலீன் நம்ம குளத்த என்ன பண்ணப் போறாங்க?'ன்னு கேட்டுப் பாருங்க. பத்திக்கும்!"

"என்ன பண்ணப் போறாங்க?"

"எனக்கென்ன தெரியும்? வாய்க்கு வந்ததச் சொல்லுங்க."

நெவிலின் வாய்க்கு வந்தது, அப்போது வாயில் இருந்ததுதான்.

"மீன் வளப்பாங்களோ? கொடுவா?"

ட்ரெவர் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டான். "மச்சான்! இத்தனை வருஷமா பம்புக்குள்ள கைய விட்டுக்கிட்டு வீணாப் போயிட்டீங்களே!"

"டேய், இது அபாண்டம்டா. அந்தம்மா பாவம்."

"எங்க இருக்கு அபாண்டம்? கடைசியில ஒரு கேள்விக்குறி போடறோம்ல? கேக்கறது ஒரு குத்தமா?"

நெவிலின் மனச்சாட்சி சற்று முனகியது. குளத்தை நினைத்துக்கொண்டதும் அடங்கிப் போயிற்று.

மறுநாள் காலையில் ஊரின் எல்லா வீட்டுத் தபால் பெட்டிகளிலும் ஒரு துண்டுப்பிரசுரம் கிடந்தது. கிறிஸ்துமஸ் விருந்தில் கொலீன் கொட்டாவி விட்டபோது எவரோ எடுத்த படம், கறுப்பு வெள்ளையில் அச்சாகியிருந்தது. அதன் கீழே வாய் பிளந்த ஒரு பெரிய மீன். இரண்டுக்கும் இடையே, 'நம் குளத்தில் கொடுவா வளர்க்கப் போகிறாரா கொலீன் ட்ராஸ்க்?'

நண்பகலுக்குள் விளைவு தெரிந்துவிட்டது. மதுக்கூடத்தில் தூண்டில்காரர்கள் எழுந்து நின்று கோப்பைகளை உயர்த்தினர்.

"ஊருக்கு நடுவுலயே கொடுவாயாம்டா! இனிமே வண்டிய எடுத்துக்கிட்டு நாள் பூரா அலைய வேணாம். என் ஓட்டு கொலீனுக்குத்தான்!"

நெவில் இதைக் கேட்டுக் கலங்கியபடி வீடு திரும்பினார். அங்கே அதைவிடப் பெரிய கலக்கம் காத்திருந்தது. அவருடைய மனைவி பெரில், புல்வெளியில் பந்துருட்டி ஆடும் மன்றத்திலிருந்து பாதி ஆட்டத்தில் எழுந்து வந்திருந்தார்.

"ஏங்க, யாரு இந்த பெரில் பர்டெல்?" என்று துண்டுப்பிரசுரத்தின் அடியில் விரலை வைத்தார்.

தேர்தல் விளம்பரம் எதுவானாலும் அதற்குப் பொறுப்பேற்பவருடைய பெயரும் முகவரியும் அடியில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். மனுத் தாக்கலின்போது, மனைவிக்கும் ஒரு பெருமையாக இருக்கட்டுமே என்று நெவில் அந்தப் பொறுப்புக்கு அவருடைய பெயரை எழுதிக் கொடுத்திருந்தார்.

"பொடி எழுத்துத்தானே பெரில்..."

"பொடி எழுத்த எல்லாரும் கண்ணாடி போட்டுப் படிச்சாங்க! கொலீன் என்னோட ஜோடி ஆட்டக்காரி. எத்தன வருஷத்துப் பழக்கம்! ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினாளா? 'அதப் பத்தி நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல பெரில்'னு சொல்லிட்டுப் பந்த உருட்டிட்டுப் போறா. எப்பேர்ப்பட்ட பெருந்தன்மை! நான் பூமிக்குள்ள புதைஞ்சு போயிட்டேன். இப்பவே போய்ச் சரி பண்ணுங்க. இல்லன்னா ராத்திரிச் சாப்பாடும் நீங்களே பண்ணிக்குங்க!"

நெவில் உள்ளூர்ச் செய்தித்தாளுக்கு ஓடினார். 'கொலீன் ட்ராஸ்க் நம் குளத்தில் கொடுவா வளர்க்க மாட்டார். அப்படிக் கேட்டதற்கு வருந்துகிறேன்' என்று அரைப் பக்க விளம்பரம் கொடுத்தார். அதை வடிவமைத்த ட்ரெவர், பக்கம் வெறுமையாக இருக்கலாகாது என்று மீனை இன்னும் பெரிதாகப் போட்டுவிட்டான்.

துண்டுப்பிரசுரம் எட்டாத பண்ணை வீடுகளுக்கெல்லாம் இப்போது கொடுவா போய்ச் சேர்ந்தது.

"எங்க புள்ளைங்க மீனுக்கு நடுவுலயா நீந்தணும்?" என்று தாய்மார்கள் தொலைபேசியில் நெவிலைப் பிடித்துக்கொண்டனர்.

"யோவ் நெவில், மீன் வரும்னதும் நீதான், வராதுங்கறதும் நீதான். எங்கள என்ன கேனயன்னு நெனச்சியா?" என்று தூண்டில்காரர்கள் அவருடைய பம்புக் கடை வாசலில் வந்து நின்றனர்.

கொலீனோ வாயே திறக்கவில்லை. நிருபர் கேட்டதற்கும், "ஜனங்க முடிவு பண்ணட்டும்" என்றதோடு சரி. சேறு வீசியவர்மேல் திருப்பிச் சேறு வீசாத பண்பாளர் என்று செய்தித்தாள் அவரைப் புகழ்ந்து எழுதியது.

அதைப் படித்த நெவில் வெட்கிக் குறுகிப்போனார். நேரில் சென்று மன்னிப்புக் கேட்பதே முறையென்று தீர்மானித்தார். வெறுங்கையோடு போகலாகாது என்று பெரில் ஒரு கேக்கைச் சுட்டுக் கொடுத்தார். ரொட்டிக்கடைக்காரி வீட்டுக்குக் கேக் கொண்டு செல்லும் அபத்தம் வாசல் மணியை அடித்த பிறகுதான் நெவிலுக்கு உறைத்தது.

கொலீனின் கணவர் கெல்வின் கதவைத் திறந்தார். பேச்சே இல்லாத ஒல்லியான மனிதர். மூவரும் தேநீர் அருந்தினர்.

"கொலீன், நான் செஞ்சது ஈனத்தனம். நீங்க அப்படியெல்லாம் பண்ற ஆளு இல்லன்னு எனக்கு நல்லாவே தெரியும்" என்றார் நெவில்.

கெல்வினுக்குப் புரையேறியது.

"விடுங்க நெவில், எலெக்‌ஷன்னா நாலும் இருக்கும். உங்க நல்ல மனசு யாருக்கு வரும்!" என்று கொலீன் அவருடைய கையைப் பற்றிக்கொண்டார்.

நெவில் கண்களைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அதற்குள் அவருடைய பம்பு வண்டி கொலீன் வீட்டு வாசலில் நின்றதைத் தெருவே பார்த்துவிட்டது. மாலைக்குள் புதிய செய்தி பரவியது: 'மீன் பண்ணையில ரெண்டு பேரும் கூட்டாம். பம்பு நெவிலோடது, மீன் கொலீனோடது!'

"அருமை மச்சான்! இதுக்கு நான் ஒரு விளம்பரம்..." என்று தொடங்கிய ட்ரெவரின் பெட்டியை எடுத்து நெவிலே காரில் வைத்தார்.

"பொய் சொல்லித் தோத்தவங்களப் பாத்திருக்கேன். மன்னிப்புக் கேட்டே எதிராளிய ஜெயிக்க வைக்கிற ஆள இப்பத்தான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவன் பிரிஸ்பேனுக்குப் புறப்பட்டான்.

சனிக்கிழமை, பள்ளிக்கூடத்தில் வாக்குப்பதிவு. வாசலில், அந்நாட்டு வாக்குச்சாவடி வழக்கப்படி, சாசேஜும் வெங்காயமும் வதங்கும் மணம். ரொட்டியும் கையுமாக ஊரே வரிசையில் நின்றது. நெவில் ஒரு பால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறினார்.

"ஜனங்களே! கொடுவா சங்கதி நான் கட்டிவிட்ட பொய். கேள்விக்குறி போட்டாலும் பொய் பொய்தான். கொலீன் உத்தமி. அவங்களால அந்தக் குளத்துல ஒரே ஒரு மீன் விழுந்தாலும் என் மீசைய எடுத்துடறேன்!"

வரிசை கைதட்டியது. மறு வாசலில் நின்ற கொலீன் தலை குனிந்துகொண்டார். அந்த அடக்கத்தைக் கண்டு ஊரார் மேலும் கைதட்டினர். பெரில் பல நாள்களுக்குப் பிறகு புன்னகை செய்தார். கணவருக்கு வெங்காயம் நிறைய வைத்து ஒரு சாசேஜும் வாங்கிக் கொடுத்தார்.

மாலையில் முடிவு தெரிந்தது. மீன் வராது என்ற நெவிலின் சத்தியத்தை நம்பிய தாய்மார்கள் கொலீனுக்கு வாக்களித்திருந்தனர். நெவில் சொல்வது எதையுமே நம்பாத தூண்டில்காரர்களும் கொலீனுக்கே வாக்களித்திருந்தனர். நெவிலுக்கு விழுந்தவை அவருடைய வாடிக்கையாளர்களின் வாக்குகள் மட்டுமே. அவர்களிலும் பம்பு ஓடிக்கொண்டிருந்தவர்களுடையவை மட்டும்.

ஆயினும் மறுநாள் விடியலில் குளத்தில் மல்லாந்து மிதந்தபோது அவர் மனம் நிறைந்திருந்தது. பெரிலும் கொலீனும் மீண்டும் ஜோடி சேர்ந்துவிட்டனர். ஊர் அவரை மன்னித்துவிட்டது. கொலீனைப் போன்ற நேர்மையானவரிடம் குளத்தை ஒப்படைத்ததில் குறையொன்றும் இல்லை. அழுக்கான வழியில் வெல்வதைவிடச் சுத்தமாகத் தோற்பது எவ்வளவு சுகம்! வெளுத்துவந்த வானத்தைப் பார்த்து அவர் நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"நெவில்..."

குளக்கரையில் கெல்வின் குந்தியிருந்தார். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"எலெக்‌ஷன்தான் முடிஞ்சுபோச்சே, இப்பவாவது சொல்லுங்க... மீன் குஞ்சு எல்லாம் இன்னும் எங்க வீட்டுக் குளியல் தொட்டிக்குள்ளதான் கிடக்கு, வெளியில ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது; உங்களுக்கு மட்டும் யாரு சொன்னது?"