ஆரணன் லேப்டாப்புக்கு மின்னேற்றிய பெரும்போர்

வாழ்க! மேல்காற்று ஓயாத யூலாந்துச் சமவெளியின் நடுவே, ஹேர்னிங் மாநகரில், செல்வரட்ணமும் தங்கமலரும் செய்த தவத்தின் பயனாக இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அவதரித்தவனும், எதிர்காற்றில் சைக்கிள் மிதித்துத் திரண்ட கெண்டைக்காலனும், பொறியியல் என்னும் மலையை நான்கு பருவம் ஏறி ஐந்தாம் பருவத்தில் மூச்சு வாங்கி நிற்பவனுமாகிய ஆரணன் வாழ்க! அவன் மடியேறிய பதினான்கு அங்குலத் திரைத்தேர் வாழ்க! அத்தேருக்கு மின்னமுது ஊட்டும் ஒன்றரை மீற்றர்க் கருநாகமாகிய சார்ஜர், இலண்டன் சித்தப்பாவின் அன்பளிப்பாதலால் மூன்று முரட்டுக் கால்களுடையதாய், டென்மார்க்கில் கால் ஊன்ற ஓர் அடப்டரின் தயவை நாடி நிற்பதாயினும், அதுவும் வாழ்க!

காவியம் தொடங்குமுன் கடவுளை வாழ்த்துவது முறை. ஆனால் இக்கதையில் ஒரு தெய்வத்துக்கு நேரடிப் பங்கு இருப்பதால், பக்கச்சார்பு என்று நாளை ஒருவரும் சொல்லக்கூடாது. ஆகவே இந்நாட்டின் பிளக் பொயின்றை வாழ்த்துகிறோம். மேலே இரண்டு வட்டக் கண், கீழே அரைவட்டமாய்த் திறந்த வாய் என, சுவர்தோறும் சிரித்தபடி வீற்றிருக்கும் திருமுகமே! நவம்பர் இருட்டிலும் சிரித்தாய்; பனியில் கார் கிளம்பாத காலைகளிலும் சிரித்தாய்; இனி நாம் சொல்லப்போகும் செவ்வாய்க்கிழமையில் ஒரு வீரன் உன் முன்னால் மண்டியிட்டுக் கெஞ்சியபோதும் உன் சிரிப்பு மாறவில்லை. போற்றி.

போரின் காரணம் கேளுங்கள். அன்று காலை சரியாகப் பத்து மணிக்கு, தண்ணீர்ப் பம்பு செய்யும் ஒரு நிறுவனம் ஆரணனை வீடியோவில் பேட்டி காண இசைந்திருந்தது. கிடைத்தால் ஆறு மாதப் பிராக்டிக், அதாவது படிப்போடு சேர்ந்த தொழிற்பயிற்சி. கிடைக்காவிட்டால் ஒரு பருவம் முழுவதும் பாழ். பதினொரு நிறுவனங்கள் அவனுக்கு ஏற்கெனவே அன்பான வணக்கங்களுடன் கதவைச் சாத்தியிருந்தன. இது பன்னிரண்டாவது, பட்டியலில் பதின்மூன்றாவது இல்லை. கைத்தொலைபேசியில் பேசித் தொலைக்கலாமே என்று கேட்கும் அறிவாளிகளுக்கு ஒரு விளக்கம்: தான் வரைந்த பம்பின் வரைபடத்தை அவன் திரையில் திறந்து, சுழற்றி, குடலைப் பிளந்து காட்டவேண்டும் என்பது நிறுவனத்தின் ஆணை; அந்த வரைபடமோ லேப்டாப்பில் அன்றி வேறெதிலும் திறவாது. வீட்டிலிருந்த மற்ற லேப்டாப், அக்கா சயந்தினி கல்யாணம் கட்டிப் புரொண்பி நகருக்குப் போனபோது, சீதனப் பேச்சில் வராத சீதனமாக அவளோடு போய்விட்டது.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். அந்தச் செவ்வாய் விடியும் வரை அத்திரைத்தேர் சரஸ்வதி பூசை மேடையில், பாடப்புத்தகங்களோடும் அக்கா விட்டுப்போன வயலினோடும் பட்டுத்துணி விரிப்பில் பள்ளிகொண்டிருந்தது. பூசை நாளில் புத்தகம் தொடக்கூடாது, கருவி தீண்டக்கூடாது என்ற விதியை ஆரணன் ஆண்டுதோறும் கண்ணீர் மல்கும் பக்தியோடு கடைப்பிடிப்பவன். அவன் தவறாமல் காக்கும் ஒரே நோன்பு அது. ஆகவே சார்ஜ் போடவும் இல்லை. தங்கமலர் தன் கையால் குழைத்த சந்தனத்தை எடுத்து, மேடையிலிருந்த ஒவ்வொன்றுக்கும் உரிய இடமறிந்து பொட்டு வைத்தாள். எது உரிய இடம் என்று அப்போது எவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய கேள்வியை உரிய நேரத்தில் கேட்கிறவர்களுக்குக் காவியம் வாய்ப்பதில்லை.

ஒன்பது முப்பத்தொன்றுக்கு, இடைக்கு மேலே வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கோட்டும், இடைக்குக் கீழே பெட்டிக்கோடு போட்ட சாரமுமாக, இரு நாட்டுப் போர்க்கோலம் பூண்ட ஆரணன் சமையலறையாகிய குசினியின் மேசையில் அமர்ந்து தேரைத் திறந்தான். திரையின் மூலையில் பட்டரி தன் படைபலத்தை அறிவித்தது: பதினொரு வீதம். வீரன் நகைத்தான். நகைத்தவாறே கருநாகத்தின் தலையைப் பற்றி, தேரின் இடப்பக்கத்தில் சுண்டுவிரல் நகத்தினும் சிறியதாய் அமைந்த ஒற்றை உணவுவாயில் செலுத்தினான். பாதி போயிற்று. மீதி போகவில்லை. விளக்கு எரியவில்லை.

பாதிதான் போயிற்று என்பதை அவன் கவனித்திருக்கலாம். கவனித்திருந்தால் இது இரண்டு வரிச் செய்தியாக முடிந்திருக்கும். அவன் அழுத்தினான். மதங்கொண்ட களிறு கோட்டைக் கதவை முட்டுவதுபோல் அழுத்தினான். கலைவிழா முடிவில் கொத்துரொட்டிப் பார்சலுக்கு வரிசை குலைந்த சனம் மண்டபக் கதவை நெருக்குவதுபோல் அழுத்தினான். அழுத்திக் களைத்து உருவியபோது, ஆகா, அதிசயம்! கருநாகத்தின் முனையிலிருந்து மெல்லிய சந்தன மணம் கமழ்ந்தது. போர்க்களத்தில் நறுமணம் வீசினால் தெய்வம் துணைக்கு வந்துவிட்டது என்று பொருள். ஆரணனும் அவ்வாறே பொருள்கொண்டு, நெஞ்சு நிமிர்ந்து, மறுபடியும் குத்தினான். பத்து வீதம்.

இனிச் சுவரே பகைவன் என்று தெளிந்தான். குசினிச் சுவரின் சிரித்த முகத்தில் அடப்டரைப் பிடுங்கி விறாந்தைச் சுவரின் சிரித்த முகத்தில் பாய்ச்சினான், விறாந்தையில் தோற்றுப் படுக்கையறைக்குப் படையெடுத்தான், படுக்கையறையும் கைவிடவே, குளிர்பெட்டியை நெஞ்சால் தள்ளி, அதன் பின்னே தூசிப்படலம் போர்த்து ஆண்டாண்டுகளாய்த் தனிமையில் சிரித்துக்கொண்டிருந்த நான்காவது முகத்தின் முன் மண்டியிட்டு, சாரத்தில் ஒட்டடை படிய, "எரியடா!" என்று ஆணையிட்டான். அது சிரித்தது. எட்டு வீதம்.

குளிர்பெட்டி நகர்ந்த பேரொலி கேட்டு வந்தார் தந்தை செல்வரட்ணம். இலையுதிர்கால விடுமுறை வாரமாதலால் வீட்டில் இருந்தவர்; தளபாடத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் நின்றவர்; உலகத்து இயந்திரங்கள் அனைத்துக்கும் ஒரே தீர்ப்பை வைத்திருப்பவர். வாசலில் நின்றபடியே முழங்கினார்:

"வயர் செத்துப்போச்சு!"

"அப்பா, நீங்கள் இன்னும் பாக்கவேயில்லை."

"பாக்கத் தேவையில்லை! பழுதெண்டால் வயர்தான். பேணியைக் கொண்டா!"

பேணி என்றது, வட்ட வடிவ நீல நிறத் தகரத்தாலாகிய, மூடியில் பிஸ்கட் படம் பொறித்த பேழையை. அந்தப் பிஸ்கட் பிறந்த நாட்டிலேயே வாழ்ந்தும், அப்பேணிக்குள் பிஸ்கட் இருக்கும் என்று அவ்வீட்டில் எவரும் ஒருநாளும் நம்பியதில்லை. மூடி திறந்தது, ஆயுதச்சாலை வெளிப்பட்டது. மடக்கும் கைத்தொலைபேசிக் காலத்துக் குண்டூசி முனையான் வந்தான். முகச்சவர மெசின் மறைந்த பின்னும் மறையாத அதன் சுருள்வயரான் வந்தான். சயந்தினியின் பாட்டுப்பெட்டிக்கு உரிய தடித்தலையன் வந்தான். எதற்கு உரியவன் என்று எவருக்கும் தெரியாத, ஆயினும் மூன்று வீடு மாறியபோதும் "எறியாதேங்கோ, ஒருநாளைக்குத் தேவைப்படும்" என்ற ஆணையால் உயிர்பிழைத்த பெயரிலி ஒருவன் வந்தான். ஒருவன் கழுத்தை ஒருவன் கட்டிக்கொண்டு, பிரிக்கமுடியாத சுற்றமாய், அனைவரும் ஒரே முடிச்சில் வந்தனர். முடிச்சவிழ்க்க நான்கு நிமிடம் போயிற்று. பொருந்தும் முனை ஒன்றே ஒன்று தேறியது. அதுவும் பாதி போயிற்று. உருவியபோது அதுவும் மணந்தது.

"இதுவும் செத்த வயர்," என்றார் தந்தை, தன் தீர்ப்பு இருமுறை உறுதியான நிறைவோடு. ஆறு வீதம். ஒன்பது நாற்பத்தைந்து.

அவரே விபோர்க் நகரத்து முனிவரைத் தொலைபேசியில் அழைத்தார். முனிவர் சிறீஸ்கந்தராசா, முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை ஒரு தொலைக்காட்சியின் முதுகைத் திறந்து பார்த்து மூடியதும் அது தானாகவே வேலைசெய்ததால், மத்திய யூலாந்துத் தமிழரின் கணினி மருத்துவராக முடிசூட்டப்பட்டவர். நிலவரம் கேட்டு நெடுமூச்செறிந்து திருவாய் மலர்ந்தார்:

"தம்பி, பதறப்படாது. ஒருக்கா நூத்துப்போட்டுத் திரும்பப் போடும்."

"மாமா, ஆறு வீதந்தான் கிடக்கு. நூத்தால் பிறகு வராது."

"வராட்டில் என்ன? அப்ப பட்டரி பிழையெண்டு கண்டுபிடிச்சிட்டம். அதுவும் ஒரு முன்னேற்றந்தானே?"

முனிவர் வாக்கை மீறுதல் பாவமென்று தந்தையின் விழி சொல்ல, ஆரணன் தேரை அணைத்தான், மீண்டும் எழுப்பினான். தேரோ எழும் வழியில், பதினேழு நாளாய் அவன் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிவைத்திருந்த புதுப்பித்தலை நினைவுகூர்ந்து, "சற்றுப் பொறுங்கள், அணைக்காதீர்கள்" என்ற திருவாசகத்தைத் திரையில் எழுதி, ஒரு வட்டத்தைச் சுழற்றத் தொடங்கியது. வட்டம் சுழன்றது. ஊழிச்சக்கரம் அதனினும் விரைந்து சுழலும். அது நின்றபோது மூன்று வீதம். மணி ஒன்பது ஐம்பத்துமூன்று.

அப்போது ஆரணன் கோட்டின் கையால் வியர்வை துடைத்து அமர்ந்த காட்சியை எவ்வாறு உரைப்போம்! போன பருவத்தில் பகுதிநேர வேலை பார்த்த சுப்பர்மார்க்கெட்டின், வெறும்போத்தலை விழுங்கிக் காசுச் சீட்டுத் துப்பும் மெசின் அவன் மனக்கண்ணில் வாய்பிளந்து நின்றது. கூடப் படித்த மைக்கல் முதல் அனைவரும் தலைக்கவசம் அணிந்து தொழிற்சாலைகளில் நடமாட, தான் மட்டும் இன்னும் ஆறு மாதம் அந்தப் பிசுபிசுத்த வாயைத் துடைத்துக்கொண்டு, "ஆரணன், பிராக்டிக் கிடைச்சிட்டுதோ?" என்று கேட்கும் ஊர்ப்பெரியவர்களுக்குப் போத்தல் சீட்டுக் கொடுக்கும் எதிர்காலம் தெளிவாகத் தெரிந்தது. அவன் அழவில்லை. கண்ணில் குளிர்பெட்டித் தூசி விழுந்திருந்தது.

அந்நேரம், ஈரக்கூந்தலில் துவாய் முடிந்து குளியலறையிலிருந்து வெளிப்பட்டாள் தங்கமலர். முதியோர் இல்லத்தில் மாலை முறை வேலைக்காரி. நாளொன்றுக்கு ஒன்பது காதுக்கருவிகளின் துளை துலக்கும் கைக்காரி. நகர்ந்த குளிர்பெட்டியைப் பார்த்தாள். பேணியைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள்.

"என்னடா, வீட்டுக்குள்ளை மாடு கீடு வந்ததோ?"

"சார்ஜ் ஏறுதில்லை அம்மா. இன்னும் ஏழு நிமிசம்!"

"வயர் செத்துப்போச்சு," என்றார் செல்வரட்ணம்.

"நீங்கள் சும்மா இருங்கோ. ஓட்டையைப் பாத்தனீங்களோ? எங்கடை கிழவர்மாருக்குக் காது கேக்கேல்லையெண்டால் முதல் வயரையோ மாத்திறம்? ஊத்தையை எடுக்கிறம். தா இஞ்சை!"

மூக்குக்கண்ணாடி ஏறியது. தேர் சாளரத்து வெளிச்சத்துக்கு உயர்ந்தது. கருநாகம் கழற்றி வீசப்பட்டது. பின்னர் அவள், தாலிக்கொடியில் ஆபத்துக் காலங்களுக்கென்றே தொங்கவிட்டிருந்த சட்டைப்பின்னை உருவினாள். வேலும் வாளும் சூலமும் நாணித் தலைகுனிய அப்பின் ஒளிர்ந்தது, உணவுவாயில் நுழைந்தது, ஒருமுறை சுழன்றது, வெளியே வந்தபோது அதன் நுனியில், இரண்டு வயரும் இருபது குத்தும் இடித்து இறுக்கிய, கடுகளவு மஞ்சள் கட்டியொன்று.

"ஐயோ, இது நான் வைச்ச பொட்டெல்லே!"

"வாய்க்குள்ளையோ அம்மா வைச்சனீங்கள்?"

"வேறை எங்கை வைக்கிறது? எதாலை சாப்பிடுதோ, அங்கைதானே வைக்கோணும்!" என்று, கிறைண்டருக்கும் காருக்கும் காலமெல்லாம் இடமறிந்து பொட்டிட்டவள் தயங்காது விடையிறுத்தாள். பின் இன்னும் இரண்டு கட்டி தோண்டி, பூசைச் சந்தனத்தைக் குப்பையில் போடலாகாது என்பதால், விரல்நுனியில் நீர் தொட்டுக் குழைத்து மகன் நெற்றியில் இட்டாள். கருநாகம் நுழைந்தது. முழுவதும் நுழைந்தது. விளக்கு எரிந்தது. ஒரு வீதத்தில் உயிர் ஊசலாடிய தேர் நிமிர, பத்து மணி அடிக்க, நெற்றியில் சந்தனம் துலங்க ஆரணன் பேட்டிக் களம் புகுந்தான்.

எதிரே தோன்றினாள் ஒரு பொறியியலாளர். பம்பு சுழன்றது, பிளந்தது, பாராட்டுப் பெற்றது. "அண்மையில் நீர் தீர்த்த தொழில்நுட்பச் சிக்கல் ஒன்றைச் சொல்லும்," என்றாள். வீரன் கண்ணிமைக்காமல் சொன்னான்: மின்னுள்ளீட்டுத் துளையில் தாவர மூலத்து அந்நியப் பொருள் ஒன்று இறுகியிருந்ததென்றும், சுவர், வயர், மென்பொருள் என ஒவ்வொன்றாகச் சந்தேகத்திலிருந்து நீக்கி, இறுதியில் அனுபவம் மிக்க நிபுணர் ஒருவரின் உதவியோடு அது அகற்றப்பட்டதென்றும். அவள் நீண்டநேரம் குறிப்பெடுத்தாள். வியாழக்கிழமை தன் மேலாளரோடு இரண்டாம் பேட்டி, அதே நேரம், அதே திரையில் என்றாள்.

வீடு ஆர்ப்பரித்தது. முனிவர், தான் சொன்னது பலித்ததென்று விபோர்க்கிலிருந்து வாழ்த்துரைத்தார். தங்கமலர் நன்றிக்கடன் செலுத்தச் சந்தனம் குழைக்கலானாள்.

"அம்மா, ஓட்டைக்குள்ளை மட்டும் வேண்டாம்!"

"எனக்குத் தெரியாதே? இந்தமுறை நெத்தியிலைதான்."

அவ்வாறே அவள், கல்விக்கும் மின்சாரத்துக்கும் பிள்ளையின் பிராக்டிக்குக்கும் பொறுப்பான தெய்வங்கள் அனைத்தையும் ஒருங்கே வேண்டி, திரைத்தேரை விரியத் திறந்து, அதன் நெற்றியாகிய மேல்விளிம்பை இடமும் வலமும் சாண் கணக்கில் அளந்து, நட்டநடுவில் யாரோ முன்னமே குறித்து வைத்ததுபோல் ஒரு சிறு கறுப்புப் புள்ளி இருக்கக் கண்டு மகிழ்ந்து, அதன்மேல், வியாழன் வரை விழாதபடி, தடித்த சந்தனப் பொட்டொன்றை அழுத்தி வைத்தாள்.

கமரா அங்கேதான் இருந்தது.