தெருவெல்லாம் ஒரே வாக்கியம்

ஆபீஸில் வாங்கிய அடி ஆபீஸோடு போய்விடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். அதனால்தான் ஒரே அடியை ஒரே வாரத்தில் இரண்டு தடவை வாங்கினேன்.

இணையதளங்களைத் தேடுபொறியின் முதல் பக்கத்துக்கு ஏற்றிவிடுவது என் வேலை. (அம்மா அக்கம்பக்கத்தில் "ஏத்தி விடுற வேலை" என்று மட்டும் சொல்லிவைக்க, நான் லாரியில் மூட்டை ஏற்றுவதாக நினைத்தவர்களும் உண்டு.) ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக நாம் தொடுகிற நீல வார்த்தைகளுக்கு ஆங்கர் டெக்ஸ்ட் என்று பெயர். மற்ற தளங்கள் எந்த வார்த்தையைச் சொல்லி ஒரு கடையைக் கைகாட்டுகின்றன என்பதைத் தேடுபொறி கவனிக்கும். மேதாவியான நான், ஒரு சோபா கடைக்காகக் கிடைத்த தளத்திலெல்லாம் 'பெங்களூரின் மிகச் சிறந்த சோபா கடை' என்றே இணைப்பு கொடுக்க வைத்தேன். முதல் பக்கத்தில் இருந்த கடை, யாரும் எட்டிப் பார்க்காத பக்கத்துக்குப் போய்விட்டது.

"நிஜமா பாராட்டுறவங்க ஆளுக்கொரு மாதிரி பேசுவாங்க" என்றார் மேனேஜர். "எல்லா லிங்க்லயும் ஒரே வார்த்தைன்னா, நாம சொல்லிக் குடுத்ததுன்னு அதுக்குத் தெரியாதா?"

தலையை ஆட்டினேன். அந்த ஞாயிறு என்னைப் பற்றி விசாரிக்கப் பெண்வீட்டார் நாங்கள் குடியிருக்கும் மர்பி டவுனுக்கு வருவதாக இருந்தது.

பெண் பெயர் சுமதி. பெண் பார்க்கப் போனபோது, என் புதுச் சட்டையில் தொங்கிய விலைச் சீட்டை யாருக்கும் தெரியாமல் கண்ணாலேயே சுட்டிக்காட்டியவள். அந்த நிமிடமே எனக்கு வேறு பெண் வேண்டாம் என்று ஆகிவிட்டது. அவள் அப்பாவோ பஸ் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் யாராவது ஏதாவது உளறிவைத்தால் எல்லாம் போச்சு. பயத்தில், தெருவில் தெரிந்தவர்களுக்கெல்லாம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். என்னைப் பற்றி ஒரு வாக்கியம் பேசி, யார் கேட்டாலும் இதையே சொல்லுங்கள் என்று.

ஞாயிறு காலை, மாடியில் காயப்போட்ட பெட்ஷீட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். சுமதியின் அப்பா முதலில் இஸ்திரிக்காரரிடம் நின்றார்.

"நிதானமான பையன், பொறுப்பான பையன், கண்ண மூடிக்கினு பொண்ணு குடுக்கலாம்."

மளிகைக்கடை அக்காவும் அட்சரம் பிசகாமல் அதையே சொன்னார். சுமதி அப்பாவின் நெற்றி சுருங்குவது மாடிக்கே தெரிந்தது. எனக்கு மேனேஜரின் முகம் ஞாபகம் வந்தது. அடுத்தது பேக்கரி மஞ்சண்ணா. கன்னடக்காரர். அவர் தமிழ் பேசி நான் கேட்டதே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தார்: "நிதானமான பையன்... பொறுப்பான..." மறந்துவிட்டது. "ஸ்வல்ப இரி சார்" என்று கன்னடத்தில் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, செல்போனை எடுத்து எதையோ அமுக்கினார். மீதியைத் தெருவே கேட்க என் குரல் சொல்லி முடித்தது.

சுமதியின் அப்பா நிமிர்ந்து பெட்ஷீட்டைப் பார்த்தார்.

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தவர் காபியைத் தொடவில்லை. "ஒரே நம்பர் டிக்கெட்ட எல்லாரும் காட்டினா நான் இன்னான்னு நினைக்கிறது தம்பி? இன்னாத்த மறைக்கிறீங்க?"

சுமதி கைநழுவிப் போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு ரோஸி ஆன்ட்டி வாசலில் வந்து நின்றார். பைக் சண்டையில் எங்களோடு பேச்சில்லை. அவருக்கு மட்டும் மெசேஜ் போகவில்லை.

"இவனுக்கா பொண்ணு? நிதானமாம், நிதானம்! டெய்லி என் கேட்டு முன்னாடிதான் வண்டிய போடுவான். எங்க வூட்டுக்காரருக்கு நெஞ்சு வலின்னு இட்டுக்கினு போனான், பாதி வழில பெட்ரோல் இல்ல. அவர உக்கார வெச்சு ஆஸ்பத்திரி வரைக்கும் தள்ளிக்கினே போனான், லூசு! ஒரு பொய் சொல்லத் துப்பு கிடையாது. மூஞ்சியப் பாருங்க, எப்படி முழிக்கிறான்!"

சுமதியின் அப்பா என் மூஞ்சியைப் பார்த்தார். பிறகு காபியை எடுத்தார்.

"இந்தம்மா டிக்கெட் ஒண்ணுதான் செல்லும்."

கல்யாணம் முடிந்து குழந்தையும் பிறந்தாயிற்று. மஞ்சண்ணாவிடமிருந்து அந்த மெசேஜை எப்போது வாங்கினாரோ, மாமனார் அதைத்தான் என் நம்பருக்கு ரிங்டோனாக வைத்திருக்கிறார். நான் போன் செய்தால், 'நிதானமான பையன், பொறுப்பான பையன்' என்று என் குரலே கத்துகிறது. பஸ்ஸில் கூட்டமாக இருந்தால் உடனே எடுக்க மாட்டாராம். முழுசும் ஓடட்டும் என்று விட்டுவிடுவாராம்.