காசிமுக்கு மூன்று தொண்டைகள்

மனித நாகரிகத்துக்கு எங்கள் அம்மான் நகரம் அளித்த கொடை எது என்று கேட்டால், விவரம் தெரியாதவர்கள் ரோமானியர் கட்டிய அரங்கத்தைக் காட்டுவார்கள். அது வெறும் கல். எங்கள் கொடை 'ஜாஹா'.

ஒரு பையனுக்கு ஒரு பெண்ணைக் கேட்க வேண்டும். இதை ஒரே ஆள், ஒரே வாக்கியத்தில் கேட்டுவிடலாம் என்பதால்தான் இருநூறு பேர் போகிறோம். பெண் வீட்டார் காபி கொடுப்பார்கள். அதைத் தொடாமல் கீழே வைத்துவிட்டு, "எங்கள் கோரிக்கை நிறைவேறினால்தான் குடிப்போம்" என்று கம்பீரமாகச் சொல்வோம். கோரிக்கை இரண்டு மாதத்துக்கு முன்பே தொலைபேசியில் நிறைவேறியிருக்கும். அதனால் என்ன? காபியிடம் அதை யாரும் சொல்வதில்லை.

இந்தச் சபைகளில் பேசுவதற்கு 'முன்னாள்'கள் தேவை. பதவியில் இருப்பவனுக்கு வேலை இருக்கும். முன்னாளுக்குத் தொண்டை மட்டும்தான் மிச்சம். நான் முன்னாள் துணைச் செயலாளர். எந்தத் துறைக்கு என்பது எனக்கே சரியாக நினைவில்லை. துணி வியாபாரி அபு ரம்ஸி தன் மகளுக்கு வந்த ஜாஹாவுக்குப் பதில் சொல்ல என்னைத்தான் அழைத்தார். மாப்பிள்ளை தரப்பில் பேச வந்தவர் முன்னாள் அமைச்சர் நஸூஹ் பே. சபை எத்தனை உயர்ந்தது என்று இதிலிருந்தே தெரியும்.

அமைச்சர் ஆதாமிலிருந்து தொடங்கினார். நோவாவின் கப்பல் வழியாக ஒருவாறு எங்கள் தெருவுக்கு வந்துசேர்ந்தார். கடைசியில், "எங்கள் அருமை மகன் ஃகாசிமுக்காகக் கை நீட்டுகிறோம்" என்றார். அந்த முதல் எழுத்தைத் தொண்டையின் அடியிலிருந்து, கிணற்றில் வாளி இறைப்பதுபோல எடுத்தார். வானொலிச் செய்தியில் அப்படித்தான் சொல்வார்கள்.

நான் எழுந்தேன். நகரத்தில் பிறந்தவன் நான். எங்களுக்கு அந்த எழுத்து தொண்டையிலேயே கரைந்துவிடும். "ஆசிமுக்குக் கொடுத்தோம்! காபியைக் குடியுங்கள்!" என்றேன்.

உதடு வரை போன கோப்பையை ஒருவர் கீழே வைத்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா, ஷேக் மிஸ்லிஹ்.

"யாருக்குக் குடுத்தீங்க?"

"உங்க பையனுக்குத்தான், ஷேக்."

"எங்க பையன் பேரு காசிம். எங்க பாட்டன் பேரு. அந்தக் 'கா'வைக் கேட்டாலே பாலைவனத்துல ஒட்டகம் எந்திரிச்சு நிக்கும். அதை முழுங்கிட்டு 'ஆ'ங்கறீங்க. ஆம்பளை பேரா அது? பல்லு வலிக்காரன் முனகற மாதிரி!"

அவருக்குப் பின்னால் நூறு கோப்பைகள் ஒரே சத்தத்தில் தரையிறங்கின. அபு ரம்ஸிக்கு முகம் சிவந்துவிட்டது.

"மன்னிக்கணும் ஷேக், எங்க வீட்டுல நாசூக்காப் பேசித்தான் பழக்கம். ஒட்டகத்தை எழுப்பற வேலை எங்களுக்கு இல்ல."

"அப்ப எங்களுக்கு நாசூக்கு இல்லங்கறீங்களா?"

"நான் அப்படிச் சொல்லல."

"சொல்ல வேற வேணுமா?"

மாப்பிள்ளையையே கேட்பது என்று முடிவாயிற்று. பையன் பொறியாளன், நல்ல உயரம். குலத்தாரோடு இருக்கும்போது அவன் காசிம். பல்கலைக்கழகத்தில், பெண்கள் இருக்கும் பக்கம், அவன் ஆசிம். நகரத்துப் பையன்கள் எல்லோருக்கும் இப்படி இரண்டு தொண்டை உண்டு. இரண்டையும் ஒரே அறையில் வைத்து யாரும் அவனைக் கேட்டதில்லை, பாவம்.

"எப்படிக் கூப்பிட்டாலும் வருவேன், பெரியப்பா" என்றான்.

"நாய்கூடத்தான் வரும்" என்றார் ஷேக்.

நிலைமையின் தீவிரத்தை உணர்ந்து, ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. நான், அமைச்சர், ஷேக். பக்கத்து அறையில் விவாதித்தோம். ஆறிய காபியைக் கொட்டிக் கொட்டிப் புதிதாக ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் எட்டிய ஒப்பந்தம் வருங்காலத்துக்கே ஒரு முன்மாதிரி: மாமனார் வீட்டில் 'ஆசிம்', குலத்தில் 'காசிம்', அரசாங்கக் காகிதங்களிலும் இறந்த பிறகும் 'ஃகாசிம்'. சபை எழுந்து நின்று கைதட்டியது. கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். காபி குடிக்கப்பட்டது. நான் கண் கலங்கினேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பிறகு நிகாஹ். காஜி, பெண்கள் இருந்த அறையின் கதவருகே போய், காகிதத்தைப் பார்த்துப் பெண்ணின் பெயரை வாசிக்க வாயெடுத்தார். அபு ரம்ஸி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார்.

"மெதுவா, காஜி ஐயா! வெளியாளுங்க இருக்காங்க."

நியாயம்தானே? அழைப்பிதழிலேயே மாப்பிள்ளையின் பெயர் தங்க எழுத்தில். எதிரே 'அபு ரம்ஸியின் கண்ணியத்துக்குரிய மகள்' என்று மட்டும். மானமுள்ளவர்கள் அப்படித்தான் அச்சடிப்போம். காஜியும் புரிந்துகொண்டு குரலைத் தாழ்த்தினார். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. தாழ்ந்த குரல் அல்ல.

"சத்தமாவே சொல்லுங்க."

"வாயை மூடு, மகளே!" என்றார் தகப்பனார்.

"வாப்பா, ஒரு பேருக்கு மூணு மணி நேரம் சண்டை போட்டீங்க. எனக்கும் ஒரு பேரு இருக்கு. அங்க இருக்கறதுல யாராவது ஒருத்தர் அதைச் சொல்லட்டும். எந்தத் தொண்டைல வேணா சொல்லட்டும். தப்பாக்கூடச் சொல்லட்டும். நான் சம்மதம்னு சொல்லிடறேன்."

இருநூறு பேரும் தரைவிரிப்பின் பூவேலையை ஆராயத் தொடங்கினோம். அமைச்சர், ஆதாமிலிருந்து அத்தனை பேரையும் பெயர் சொல்லி அழைத்தவர், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எல்லார் கண்ணும் மெல்ல மாப்பிள்ளை மேல் போயிற்று. அவனுக்குத் தெரியும். இரண்டு வருஷம் தொலைபேசியில் அழைத்த பெயர். வாயையும் திறந்தான். ஷேக் மிஸ்லிஹ் ஒருமுறை கனைத்தார்.

"அதெல்லாம்... வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றான்.

கதவுக்குப் பின்னாலிருந்து மறுபடி அதே குரல் வந்தது.

"காஜி ஐயா, நான் பேசிட்டிருந்தது ஆசிம்கிட்ட. வந்திருக்கறது காசிம். ரெண்டு பேருக்குமே சம்மதமில்லன்னு எழுதிக்குங்க."

காஜி காகிதங்களை மடித்தார். அபு ரம்ஸி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் சபையின் கட்டுப்பாட்டை நான் பாராட்டியே ஆக வேண்டும். ஒரு கூச்சல் இல்லை. தட்டுத் தட்டாக வந்து இறங்கியிருந்த குனாஃபாவை வீணாக்குவது பாவம் என்று அமைச்சர் நினைவூட்டினார். நெய் வழிய, சூடாக, பாலாடைக்கட்டி இழுபட இழுபடச் சாப்பிட்டோம். எங்கள் ஒப்பந்தம் ரத்தாகவில்லை என்பதையும் சாப்பிட்டபடியே உறுதி செய்துகொண்டோம்.

திரும்பும்போது வாசலில் அந்தப் பையன் காருக்குள் தனியாக உட்கார்ந்திருந்தான். உதடுகள் அசைந்தன, திரும்பத் திரும்ப ஒரே சொல். நன்றாகத்தான் உச்சரித்தான் என்று நினைக்கிறேன். கண்ணாடி ஏற்றியிருந்ததால் கேட்கவில்லை.

வருகிற வியாழக்கிழமை எனக்கு இன்னொரு ஜாஹா. மாப்பிள்ளையின் பெயர் தியாப். ஸியாப் என்பாரும் உண்டு, டியாப் என்று சாதிப்பாரும் உண்டு. எந்தத் தரப்பும் மனம் நோகக்கூடாதே என்று கண்ணாடி முன் நின்று மூன்றையும் பயிற்சி செய்து, நாக்கு நுனி புண்ணாகிவிட்டது.

பெண்ணின் பெயரா? நான் கேட்கவில்லை. கௌரவமான மனிதன் கேட்கிற கேள்வியா அது?