வாய்க்காலுக்கு நியமிக்கப்பட்ட கிருமிகள்

மூலக்குளத்தில் எங்கள் தெருவை ஒட்டி ஒரு வாய்க்கால் ஓடுகிறது. ஓடுகிறது என்பது அரசுப் பதிவேட்டின்படி. எங்கள் கண்ணுக்கு அது தார் மாதிரி நின்றுகொண்டிருக்கிறது. கரையோரம் இருக்கும் வேம்பு வீட்டு அடிபம்பில் ஒரு வருடமாக மஞ்சள் தண்ணீர். அவள் மகள் அபிக்கு உடம்பெல்லாம் சொறி.

கார்குழலி என்கிற விஞ்ஞானி இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஒருவகைக் கிருமி உடம்பிலிருந்து பசை விடுமாம். சாயத்தையும் உலோகக் கழிவையும் அந்தப் பசை பிடித்துக்கொண்டு அடியில் படியும், அள்ளிவிடலாம். வாய்க்கால் தண்ணீரை வேம்பு வீட்டு வாளியில் பிடித்துச் செய்து காட்டினார். இரண்டே நாளில் வாளியின் அடி தெரிந்தது. வேம்பு அழுதேவிட்டாள்.

அனுமதி கேட்டுப் போனார். சுகாதாரத் துறை அதிகாரி அரிகிருஷ்ணன் கோப்பை மூடினார்.

“கிருமிய ஒழிக்கத்தாம்மா எங்களுக்குச் சம்பளம். வளக்கறதுக்கு இல்ல.”

“இது நல்ல கிருமி சார்.”

“நன்னடத்தைச் சான்றிதழ் இருக்கா?”

கோப்பு ஆறு மாதம் மேசை மேசையாகச் சுற்றியது. கடைசியில் மேன்மைதங்கிய துறை, நம் ஊர் வழக்கப்படி, கிருமிகளை நிரந்தரமில்லாத வவுச்சர் ஊழியர்களாக எடுத்துக்கொண்டது. பணி நிரந்தரம் கேட்டுப் போராட மாட்டோம் என்று அவற்றின் சார்பில் கார்குழலி எழுதிக் கொடுத்தார்.

பத்துக் கேன் கிருமி வாய்க்காலில் இறங்கியது. நாலாம் நாள் தண்ணீர் தெளிய ஆரம்பித்தது. ஐந்தாம் நாள், திட்டத்தைத் தொடங்கிவைக்க அமைச்சர் வருகிறார் என்றார்கள். அமைச்சர் வரும் இடம் நாறலாமா? காலையிலேயே ஆட்கள் வந்து கரை நெடுகப் பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். மிச்சமிருந்த நாலு மூட்டையை, வீணாகக் கூடாதே என்று வாய்க்காலிலேயே கொட்டினார்கள். கிருமி ஒழிப்பில் துறை கண்ட முதல் முழு வெற்றி அதுதான்.

விழாவில் அமைச்சர் கிருமிகளின் அயராத உழைப்பை உருக்கமாகப் பாராட்டினார். அவை செத்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது.

முடிந்ததும் அரிகிருஷ்ணன் தெருக்காரர்கள் எங்களிடம் பிரியாணிப் பொட்டலத்தோடு கையெழுத்துக்கு ஒரு தாளும் நீட்டினார். நாற்றம் நீங்கியது, மக்களுக்குத் திருப்தி என்று அதில் எழுதியிருந்தது.

கார்குழலி எங்களிடம் கெஞ்சினார். “எல்லாம் செத்துப்போச்சுன்னு எழுதுங்க. மறுபடி கொண்டாந்து விடறேன்.”

வேம்பு மட்டும் அப்படி எழுதினாள். மற்ற அறுபத்திரண்டு வீட்டாரும் திருப்தி என்று கையெழுத்துப் போட்டோம். பொய்யில்லை, அன்றைக்கு நாற்றமே இல்லை. பெரும்பான்மையை மதித்துத் திட்டத்தை நிறைவு செய்துவிட்டார்கள்.

போன வாரம் என் வீட்டுக் குழாயில் மஞ்சள் தண்ணீர் வந்தது. புகாரோடு ஓடினேன். அரிகிருஷ்ணன் பொறுமையாக அந்தத் தாளை எடுத்து விரித்தார்.

“மொத கையெழுத்து உங்களுதுதானுங்களே?”