பஞ்சுவின் மொட்டை

ஆனந்தராஜ் சீப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். பஞ்சுவின் முதுகில் இருக்க வேண்டிய முடியில் பாதி சீப்பில் இருந்தது.

பஞ்சு என்பது ஐந்தரை மாதப் பொமரேனியன் குட்டி. ஆனந்தராஜ் குளத்தூர் தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட். குட்டி அவனுடையது அல்ல, மனைவி இளமதியுடையது. வளைகாப்புக்கு ஒரு வாரம் முன்பு திடீரென்று ஆசைப்பட்டு வாங்கினாள். வளைகாப்பு முடிந்து அறந்தாங்கியிலிருக்கும் தாய்வீட்டுக்குக் கிளம்பும்போது கார் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"நான் புள்ளையத் தூக்கிட்டு வாரப்ப பஞ்சு இதே மாதிரி புசுபுசுன்னு இருக்கணுங்க. ஒரு குட்டியப் பாத்துக்கத் தெரியாத ஆளை நம்பி எப்படிப் புள்ளையோட வர்றது?"

பெண் குழந்தை பிறந்து ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடக்க வேண்டும் என்று ஆனந்தராஜ் நாளை எண்ணிக்கொண்டிருந்தான். பஞ்சுவோ நாளுக்கு நாள் பிய்ந்த தலையணை மாதிரி ஆகிக்கொண்டு வந்தது.

முதலில் புதுக்கோட்டைக்குப் போய்க் கம்பிப்பல் வைத்த பிரஷ் ஒன்று வாங்கி வந்தான். சீவினால் முடி வளரும் என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு நாளைக்கு மூன்று வேளை சீவினான். முடி மூன்று வேளையும் கொட்டியது. வீட்டில் சோற்றிலும் முடி, சட்டையிலும் முடி, ஆபீஸ் கோப்பிலும் முடி.

கோப்பில் முடியைப் பார்த்த பக்கத்து சீட்டு மரியசெல்வம், தன் வீட்டு ஆட்டுக்குச் சொறி வந்தபோது வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசியதாகவும், கைமேல் பலன் கிடைத்ததாகவும் சொன்னார். ஆனந்தராஜ் அன்று சாயங்காலமே அம்மியைக் கழுவினான். முடி கொட்டுவது நிற்கவில்லை. மிச்சமிருந்த முடிதான் மஞ்சளாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து இளமதி வீடியோ காலில் வந்தாள். பஞ்சு ஏன் மஞ்சளாகத் தெரிகிறது என்று கேட்டாள். டியூப் லைட் கெட்டுவிட்டதாகச் சொல்லி, போனை வைத்த கையோடு குட்டியைக் குழாயடிக்குத் தூக்கிப் போனான்.

தன்னுடைய பொடுகு ஷாம்புவில் பாதி பாட்டிலைக் காலி செய்தான். மஞ்சள் போகவில்லை. முடி முழுக்கச் சிக்குப் பிடித்துக் கட்டிக்கட்டியாகத் தொங்கியது. சிக்கெடுக்கப் போனவன் கையைப் பஞ்சு ஒரு கவ்வு கவ்விவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வேறு வழியில்லாமல் முத்துராஜின் சலூனுக்குத் தூக்கிப் போனான். சிக்கை மட்டும் எடுப்பதாகத்தான் முத்துராஜ் ஆரம்பித்தான். இடது பக்கம் கொஞ்சம் இறங்கிவிட்டது. அதற்குச் சமமாக வலது பக்கத்தை இறக்கினான். வலது பக்கம் கூடுதலாக இறங்கிவிட்டது. அரை மணி நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது காது மட்டும் பெரிதான ஒரு எலி.

"காத்தோட்டமா இருக்கும் சார்" என்றான் முத்துராஜ்.

அப்போதுதான் போன் அடித்தது. பதற்றத்தில் ஆனந்தராஜின் விரல் பச்சையில் பட்டுவிட்டது. திரையில் இளமதி.

"அது என்னங்க நாற்காலியில?"

அவன் நாக்கு தானாகவே ஒரு பொய்யைச் சொன்னது. "நம்ம அய்யனாருக்கு வேண்டிக்கிட்டேன் இளமதி. ஒனக்கு நல்லபடியா பெறக்கணும்னு. பஞ்சு முடியத் தர்றதா."

இளமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. தன் பொய்க்கு இவள் இப்படி அழுகிறாளே என்று அவனுக்கும் கண் கலங்கியது. போனை மாமியார் வாங்கினார்.

"வாயில்லாச் சீவன் முடி குடுத்துருக்கு. பெத்த தகப்பன் நீங்க கிராப்போட நிக்கலாமா மாப்பிள்ளை?"

ஆனந்தராஜுக்கு உயிரே போனது. முப்பத்து நாலு வயதில், ஆபீஸில் பாதிப் பேருக்கு நெற்றி உச்சி வரை ஏறிவிட்ட நிலையில், அவனுக்கு மட்டும் முடி அடர்ந்து கிடந்தது. காலையில் அதற்கென்று அரை மணி நேரம் ஒதுக்குகிறவன். வேண்டுதல் நாயின் பேரில் மட்டும்தான் என்று பணிவாக எடுத்துச் சொன்னான்.

அப்படியானால் அந்த முடியைத் துணியில் முடிந்து எடுத்து வாருங்கள், கோயிலில் போட்டுவிடலாம் என்றார் மாமியார். ஆனந்தராஜ் திரும்பிப் பார்த்தான். முத்துராஜ் அதைக் கூட்டி அள்ளி, போய்க்கொண்டிருந்த குப்பை வண்டியில் அப்போதுதான் போட்டுவிட்டு வந்தான். ஆனந்தராஜ் அதை மெல்லச் சொன்னான்.

"சாமிக்குச் சொன்ன முடி குப்பைக்குப் போயிருச்சா?" மாமியாரின் குரல் இறங்கியது. "குத்தமாயிரும் மாப்பிள்ளை. பச்சப்புள்ள வீடு. அதுக்கு ஈடா உங்க முடியத்தான் குடுக்கணும்."

பிள்ளையின் பேரைச் சொன்ன பிறகு அவன் சரியென்று தலையாட்டினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அறந்தாங்கியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் அய்யனார் கோயிலுக்கு வந்து இறங்கினார்கள். கத்தி உச்சியில் பட்டதும் ஆனந்தராஜ் கண்ணை மூடிக்கொண்டான். முடி மடியில் விழ விழ, கண்ணீரும் அதன் மேல் விழுந்தது. பக்திப் பரவசம் என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

குளித்து, தலையில் சந்தனம் பூசி உட்கார்ந்தவன் மடியில் இளமதி மகளை வைத்தாள். இன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடுவதாகச் சொன்னாள். குழந்தை அவன் விரலைப் பிடித்துக்கொண்டது. அந்த ஒரு நிமிஷம் அவனுக்குத் தலையில் முடி இல்லாதது சுத்தமாக மறந்துபோனது. பெண்கள் பொங்கல் பானைப் பக்கம் போனதும் பூசாரி விபூதித் தட்டோடு வந்து அவன் நெற்றியில் பூசினார்.

"ஒங்க சம்சாரம் ஆறாம் மாசமே வந்து ஒங்க முடியத் தர்றதா வேண்டிக்கிட்டுப் போச்சு தம்பி. அவரு எப்படிம்மா ஒத்துக்குவாருன்னு கேட்டேன். 'ஒரு நாய்க்குட்டிய வாங்கி அவருகிட்ட விட்டுட்டுப் போறேன், அஞ்சாம் மாசம் அதுக்குக் குட்டிமுடி உதிரும், மத்ததச் சாமி பாத்துக்கும்'னு சொல்லுச்சு."