நகராமல் கடலூர் போன வண்டி

உலகத்திலேயே அதிக தூரம் வண்டி ஓட்டி, ஓர் அங்குலம்கூட நகராத டிரைவர் யார் என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு எங்கள் செலியமேட்டுக் கடலூராரைச் சொல்வேன். அவருக்கும் கடலூருக்கும் பிறப்பால் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஞாயிறு தவறாமல் அங்கே போய்வந்தார், அவ்வளவுதான். அதுவும் கொட்டகையை விட்டு வெளியே வராமலே.

எழுபதுகளில் நான் அந்த ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா. என் அறைக்கு எதிரே நாலு பக்கமும் திறந்த ஒரு கொட்டகை. அதில் ஒரு பழைய டீசல் பிக்கப். அதன் சொந்தக்காரர்களான அண்ணனும் தம்பியும் பாகப்பிரிவினையில் முட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போக, தீர்ப்பு வரும்வரை வண்டி கொட்டகையை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவாகிவிட்டது. அண்ணன் தம்பி இருவரும் ஒத்துப்போனது ஒரே விஷயத்தில்தான். கேஸ் முடிகிற அன்று வண்டி ஓடினால் கரும்பு ஏற்றலாம், ஓடாவிட்டால் காயலான் கடை. காயலான் கடைக்குப் போனால் டிரைவருக்கு வேலை போகும். வேலையோடு உயிரும் போய்விடும் என்று நாங்கள் எல்லோரும் பயந்தோம்.

கடலூரார் களத்தில் இறங்கினார். நாலு சக்கரமும் தரையில் படாதபடி வண்டியைக் கட்டைமேல் தூக்கி நிறுத்தினார். "ஒரே எடத்துல நின்னா டயரு சப்பையாப் பூடும் சார்." டேங்கை வாய்வரை நிரப்பினார். காலி இடம் இருந்தால் ஈரம் சேர்ந்து டீசலில் தண்ணீர் இறங்குமாம். எலி புகாமல் இருக்க சைலன்சர் வாயில் கொட்டாங்குச்சி கட்டினார். பாட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், பலகை போட்டு உட்கார வைத்தார். அவர் மனைவி தனத்தக்கா என்னிடம் வந்து முறையிட்டார்.

"நானு தரையில குந்திகினு துன்றேன். அந்தப் பொட்டிக்குப் பலவை! நீங்களே கேளுங்க சார்."

ஞாயிற்றுக்கிழமை பாட்டரியை மாட்டி, கொட்டாங்குச்சியை அவிழ்த்து, வண்டியைக் கிளப்புவார். ரெண்டு நிமிஷம் உறுமவிட்டு அணைத்தால் போதாதா என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சூடு ஏறாம நிறுத்தினா உள்ள வேர்த்து தண்ணி நிக்கும் சார், துரு புடிக்கும். கடலூரு போய் வர்ற சூடு ஏறணும். ஏறிக் குந்துங்க."

ஏறினேன். கியர் போட்டார். பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றியது. கன்னியக்கோயில் வளைவில் ஆரன் அடித்தார். எதிரே லாரி வந்ததாம், ஒதுங்கி வழிவிட்டார். வழிவிட்ட கையோடு அந்த லாரிக்காரனைத் திட்டவும் செய்தார். முள்ளோடை மதுவிலக்கு செக்போஸ்டில் பிரேக் போட்டு, தலையை வெளியே நீட்டி, "காலி வண்டி சார்" என்றவர், என் பக்கம் திரும்பிக் கிசுகிசுத்தார்: "பையில பாட்டில் கீட்டில் இன்னாவது கீதா சார்?" நானும் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

பெண்ணையாற்றுப் பாலத்தில் காற்று அதிகம் என்று கண்ணாடியை ஏற்றினார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் குளிர்ந்தது. மஞ்சக்குப்பத்தில் நிறுத்தி டீ குடித்தோம். டீ கொண்டுவந்தவர் தனத்தக்கா.

"கல்யாணம் ஆன நாளா கேக்குறேன், மஞ்சக்குப்பத்துல எங்க அக்கா வூட்டுக்கு ஒரு தபா இட்டுகினு போயான்னு. இந்த ஆளு வாராவாரம் போறாரு. நானு டீ தூக்கிகினு நிக்கிறேன்!"

ஒருவழியாகத் தீர்ப்பு வந்தது, வண்டி அண்ணனுக்கு என்று. அண்ணன்காரர் வரும்போதே காயலான் கடைக்காரனையும் அவன் தராசையும் அழைத்து வந்துவிட்டார். கடலூரார் சாவியைத் திருகினார். வண்டி உடனே பிடித்துக்கொண்டது. கடைக்காரன் முகம் தொங்கிப்போயிற்று.

"சத்தம் போட்டா ஆச்சா?" என்றார் அண்ணன்காரர். "கடலூரு போய்த் திரும்பி வரட்டும், அப்பறம் பாக்கலாம்."

கட்டைகளை எடுத்தோம். கடலூரார் கியர் போட்டார். வண்டி ஒரு முழம் முன்னால் வந்ததுதான் தாமதம், அலறியடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தார்.

"சார்! கொட்டாய்க் கம்பம் கிட்ட வருது சார்!"

எல்லோரும் சிரித்தார்கள். கடைக்காரன் தராசை மாட்ட இடம் தேட ஆரம்பித்தான். கடலூரார் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை. அப்போதுதான் தனத்தக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்து சீட்டில் ஏறி, கதவைப் படாரென்று சாத்தினார்.

"இன்னாயா முழிக்கிற? எல்லாம் உனுக்குத் தெரிஞ்ச ரோடுதான். கன்னியக்கோயில் வந்தா ஆரன் அடி. போ."

போனார்.

பொழுது சாயும் நேரத்தில் வண்டி ஆரன் அடித்துக்கொண்டு வந்து கொட்டகையில் நின்றது. அதுவரை காத்திருந்த கடைக்காரன் தராசைத் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினான். தனத்தக்கா தலையில் அக்கா வீட்டுக் கனகாம்பரம். கடலூரார் முகத்தில் மட்டும் களையே இல்லை.

"எப்படிண்ணே இருந்துச்சு கடலூர்?" என்றேன்.

தனத்தக்கா உள்ளே போகும்வரை காத்திருந்து, என் காதோரம் சொன்னார்: "ஞாயித்துக்கெழம நம்ம போற கடலூரு மாரி இல்ல சார்."

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை பஸ்ஸில் கடலூர் போய்வந்துவிட்டேன். அவர் சொன்னது சரிதான். பெண்ணையாற்றுப் பாலத்தில் இன்றுவரை எனக்கு அப்படிக் குளிர்ந்ததில்லை.